பெண்சிங்கமா, விரியனா? கிளைட்டம்னெஸ்ட்ராவுக்குச் சூட்டப்பட்ட விலங்குகள்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கிளைட்டம்னெஸ்ட்ரா அளவுக்கு விலங்குப் பெயர்களைச் சுமந்த பாத்திரம் வேறொன்று உண்டா என்பது ஐயமே. ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்டெயா' கி.மு. 458இல் ஏதென்ஸ் நகரத்து டயோனிசஸ் விழாவில் அரங்கேறி முதற்பரிசு பெற்றது. 'அகமெம்னான்', 'நீர்க்கடன் செய்வோர்', 'யூமெனிடீஸ்' என்ற மூன்று நாடகங்களின் தொடர் அது. டிராயை வென்று ஆர்கோஸ் திரும்பிய அரசன் அகமெம்னானை அவன் மனைவி குளியலறையில் வைத்துக் கொல்கிறாள். அவளை மகன் ஒரெஸ்டஸ் கொல்கிறான். அவனைப் பழிதீர்க்கும் தேவதைகள் துரத்துகின்றன. இறுதியில் ஏதென்ஸில் ஒரு நீதிமன்றம் கூடி அவனை விடுவிக்கிறது.

இந்தக் கதைக்குள் கிளைட்டம்னெஸ்ட்ரா காவல் நாய் ஆகிறாள். வெறுப்புக்குரிய பெட்டை நாய் ஆகிறாள். பசு, இருதலைப் பாம்பு, இரண்டு காலில் நடக்கும் பெண்சிங்கம், பெயர் சொல்லாமலே உணர்த்தப்படும் சிலந்தி, கடைசியில் விரியன். முதல் நாடகத்தின் முடிவில் அவளுடைய காதலன் ஏகிஸ்தஸைச் சேவல் என்று இகழும்போது அவள் கோழிப்பெட்டையும் ஆகிவிடுகிறாள். இவற்றுள் எது அவள்? அல்லது, எதுவுமே அவள் இல்லையா? இந்தக் கேள்விக்கு அறிஞர்கள் தந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வசையின் மரபு

மிகப் பழைய விடை எளியது. விலங்குப் பெயர் ஒரு தீர்ப்பு. அது பாத்திரத்தின் குணத்தைச் சொல்கிறது. இந்த மரபு ஈஸ்கிலஸுக்கு முன்பே வேரூன்றியது. 'ஒடிசி'யின் பதினோராம் பகுதியில், பாதாள உலகில் நிற்கும் அகமெம்னானின் ஆவி தன் மனைவியை நாய்முகத்தவள் என்கிறது. நாணமின்மைக்கு ஹோமரின் உலகம் வைத்திருந்த வசை அது. கி.மு. ஏழாம் நூற்றாண்டுக் கவிஞர் செமோனிடீஸ் ஒரு படி மேலே போனார்: பன்றி, நரி, நாய், கழுதை, குரங்கு முதலியவற்றிலிருந்து கடவுள் வெவ்வேறு வகைப் பெண்களைப் படைத்ததாகப் பாடினார். அவர் பட்டியலில் தேனீயிலிருந்து பிறந்தவள் ஒருத்தி மட்டுமே நல்லவள். அரங்கில் உட்கார்ந்திருந்த ஏதென்ஸ்காரர்களுக்கு இந்த வசைகள் பழகியவை. ஆகவே அகமெம்னான் டிராயிலிருந்து அடிமையாகக் கொண்டுவந்த கசாண்ட்ரா கிளைட்டம்னெஸ்ட்ராவை 'நாய்' என்றதும் அவர்கள் காதில் ஹோமர் ஒலித்திருப்பார் என்று கொள்வதில் தவறில்லை.

ஆனால் இந்த விடையோடு நாடகத்தைத் திறந்தால் முதல் காட்சியிலேயே இடறுகிறது. அரண்மனைக் கூரைமேல் நாயைப்போலப் படுத்திருப்பவன் அப்பாவிக் காவலாளி. அவனுடைய உவமையில் வசை இல்லை. ஓராண்டுக் காவலின் அலுப்புதான் இருக்கிறது. அடுத்து அந்தச் சொல்லை எடுப்பவள் கிளைட்டம்னெஸ்ட்ராவே: கணவனுக்குச் சொல்லி அனுப்பும் செய்தியில் தன்னை வீட்டின் உண்மையான காவல் நாய் என்கிறாள். பிறகு எல்லோர் முன்னிலும் கணவனைத் தொழுவத்தின் நாய் என்று புகழ்கிறாள். கசாண்ட்ராவின் வாய்க்கு அந்தச் சொல் வரும்போது அது மூன்று கை மாறிவிட்டது.

கசாண்ட்ராவின் அந்த வரிகளும் சிக்கலில்லாதவை அல்ல. நக்கும் நாக்கும் தாழ்த்திய காதுமாகக் குழையும் நாய் என்று மொழிபெயர்ப்புகள் பலவற்றில் நாம் படிக்கும் சித்திரம் ஓரளவு பதிப்பாசிரியர்களின் கைவண்ணம். கையெழுத்துப் படிகளில் பேசுவதைக் குறிக்கும் சொல் இருக்க, அதில் ஓர் எழுத்தைக் கூட்டி நக்குவதாக்கினார்கள். காதும் ஒரு திருத்தத்தில் வந்ததே. திருத்தங்கள் நல்லவையாகவே இருக்கலாம். எனினும், இந்த உவமையின் நுணுக்கத்தை வைத்து அவளுடைய குணத்தை அளப்பவர்கள் தாங்கள் யார் எழுதியதை அளக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சிங்கக்குட்டி யாருடையது?

'அகமெம்னான்' நாடகத்தின் நடுவே பாடகர் குழு ஒரு சிறுகதை சொல்கிறது. ஒருவன் பால்மறவாத சிங்கக்குட்டியொன்றை வீட்டில் வளர்க்கிறான். அது பிள்ளைகளோடு விளையாடுகிறது, முதியோரை மகிழ்விக்கிறது, பசித்தால் கையை நோக்கிக் குழைகிறது. வளர்ந்ததும் பெற்றோரின் இயல்பு வெளிப்படுகிறது. வளர்த்த கடனை ஆட்டு மந்தையைக் கொன்று தீர்க்கிறது. வீடு இரத்தத்தில் நனைகிறது. தெய்வமே அதை அந்த வீட்டில் அழிவின் பூசாரியாக வளர்த்தது என்று குழு முடிக்கிறது.

இக்கதை உடனடியாகச் சுட்டுவது டிராய்க்கு வந்த ஹெலனை. முன்னும் பின்னும் உள்ள பாடல் அவளைப் பற்றியதே. வீட்டில் வளர்ந்தவன் என்ற குறிப்பை அழுத்தியவர்கள் அவளைக் கவர்ந்துவந்த பாரிஸைச் சொன்னார்கள். ஹெலனா பாரிஸா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. அதில் இனிப் பெரிதாக ஒன்றும் விளையப்போவதில்லை.

விவாதத்தின் தளத்தை மாற்றியவர் பெர்னார்ட் நாக்ஸ். 1952இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டியது இது: சிங்கம் இந்த முத்தொடர் முழுவதும் நடமாடுகிறது. டிராயின் மதிலைத் தாண்டிக் குதித்து அரச இரத்தத்தை நக்கிய சிங்கம் என்று அகமெம்னான் தன் படையைப் பெருமையோடு சொல்கிறான். கசாண்ட்ராவின் வாயில் ஏகிஸ்தஸ் வீரமற்ற சிங்கம். கிளைட்டம்னெஸ்ட்ரா, உயர்ந்த சிங்கம் வெளியே போயிருக்க ஓநாயோடு படுக்கும் பெண்சிங்கம். அடுத்த நாடகத்தில் அகமெம்னானின் வீட்டுக்குள் இரட்டைச் சிங்கம் புகுந்ததாகப் பாடகர் குழு கொண்டாடுவது ஒரெஸ்டஸின் வரவை. ஆக, குட்டிக்கதை ஒருத்தியின் கதையாக நிற்காமல் ஒரு குலத்தின் கதையாகிவிடுகிறது: பெற்றோரின் இயல்பு பிள்ளையில் வெளிப்படும் கதை, வளர்த்த கடன் இரத்தத்தால் தீர்க்கப்படும் கதை.

தமிழ் வாசகருக்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வரக்கூடும். உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறது உவமவியல். இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதையும் நான் கோரவில்லை. கருவியாக மட்டும் எடுத்துக்கொண்டால், கிளைட்டம்னெஸ்ட்ராவின் விலங்குகள் ஏறக்குறைய எல்லாமே வினை உவமைகள் என்று தெரிகிறது. அவள் தோற்றம் எந்த விலங்கோடும் ஒப்பிடப்படுவதில்லை. காப்பது, குழைவது, வலை பின்னுவது, கொல்வது ஆகிய செயல்களே ஒப்பிடப்படுகின்றன. செயல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் நாடகத்தில் உவமையும் கைமாறுவது இயல்பு. நாக்ஸின் வாதத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

அந்த வாதத்தின் பலவீனமும் இதே இடத்தில்தான். எல்லோருக்கும் பொருந்தும் உவமை யாரை வேறுபடுத்துகிறது? ஹெலன், அகமெம்னான், கிளைட்டம்னெஸ்ட்ரா, ஒரெஸ்டஸ் நால்வரும் சிங்கக்குட்டிகள் என்றால், கணவனைக் கொன்றவளுக்கும் தெய்வத்தின் ஆணைப்படி தாயைக் கொன்றவனுக்கும் இடையே நாடகம் வரைய விரும்பும் கோடு மங்குகிறது. அது மங்கவேண்டும் என்பதுதான் ஈஸ்கிலஸின் எண்ணம் என்று நாக்ஸின் வழிவந்தவர்கள் பதில் சொல்லலாம். முதல் இரண்டு நாடகங்களுக்கு அந்தப் பதில் போதுமானது; மூன்றாவதற்குப் போதாது.

சிங்கக்குட்டிக்கு இன்னொரு பழைய வாசகரும் உண்டு. கி.மு. 405இல் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய 'தவளைகள்' நகைச்சுவை நாடகத்தில், ஏதென்ஸ் அரசியல்வாதி அல்கிபயாடீஸை என்ன செய்வது என்று கேட்கப்படும் ஈஸ்கிலஸ் பாத்திரம், நகரத்தில் சிங்கக்குட்டியை வளர்க்கக்கூடாது என்ற தொனியில் பதில் சொல்கிறது. அரங்கேறி ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கதை யாருக்கு வேண்டுமானாலும் பொருத்தக்கூடிய கதையாகவே நகரத்தின் நினைவில் இருந்திருக்கிறது.

வேட்டையும் பலியும்

1960களில் கேள்வியே திரும்பியது. 'எந்த விலங்கு?' என்பதை விட்டு, 'எந்தச் சடங்கில்?' என்று கேட்டார்கள். ஃப்ரோமா ஸைட்லின் 1965இல் கெட்டுப்போன பலி என்ற இழையைப் பின்தொடர்ந்தார். பியேர் விதால்-நாக்கே 1969இல் வேட்டையையும் பலியையும் சேர்த்து ஆராய்ந்தார். ஆன் லெபெக்கின் 1971ஆம் ஆண்டு நூல் படிமங்கள் ஒன்றையொன்று எப்படி எதிரொலித்து விளக்குகின்றன என்பதைத் தொடர் முழுவதும் காட்டியது.

இவர்களின் பார்வையில் அடிப்படைச் சித்திரம், நாடகத்தின் தொடக்கத்திலேயே வரும் சகுனம். இரண்டு கழுகுகள் சினைமுயலொன்றைக் கருவோடு கிழித்துத் தின்கின்றன. கழுகுகள் அகமெம்னானும் அவன் தம்பி மெனலாஸும் என்கிறார் குறிசொல்லும் கால்கஸ். ஆர்டிமிஸ் தேவி அந்த விருந்தை வெறுக்கிறாள் என்றும் சொல்கிறார். விளைவு, அகமெம்னானின் மகள் இபிஜீனியாவின் பலி. வாயைக் கட்டி, ஆட்டுக்குட்டியைப் போலத் தூக்கிப் பலிமேடைமேல் பிடிக்கிறார்கள். பிறகு டிராய்மேல் வலை விழுகிறது. வலைவீசியவனே மனைவியின் துணிவலைக்குள் மீனைப்போல அகப்படுகிறான். மந்தையில் ஒரு ஆடு செத்ததுபோல எண்ணித்தானே இவன் என் மகளைக் கொன்றான் என்று அவள் பாடகர் குழுவிடம் கேட்கும் இடம் இந்தப் பார்வையின் உச்சம். வேட்டையாடியவர் வேட்டையாகிறார், பலியிட்டவர் பலியாகிறார். விலங்கு என்பது இங்கே ஒரு குணமாக இல்லை. ஒரு இடமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அங்கே போய் நிற்க நேரலாம்.

கவர்ச்சியான விளக்கம். ஆனால் கசாண்ட்ராவைச் சுற்றிப் பறக்கும் தகைவிலான் குருவி, குயில் போன்ற பாட்டுப் பறவை, சாகுமுன் பாடும் அன்னம் ஆகியவை வேட்டைக்கும் பலிக்கும் அடங்குவதில்லை. ஏகிஸ்தஸின் சேவலும் அப்படியே. சடங்கை முன்வைத்த ஆய்வுகள் இவற்றை விரைவாகக் கடந்துவிடுகின்றன.

பெண் என்பதால்

ஸைட்லின் 1978இல் எழுதிய இன்னொரு கட்டுரை, 'ஒரெஸ்டெயா'வைப் பெண்வெறுப்பு இயங்கும் முறையின் மாதிரியாக வாசித்தது. ஆளும் பெண் முதலில் அரக்கியாக்கப்படுகிறாள், பிறகு ஒடுக்கப்படுகிறாள். அந்த ஒடுக்கலே நாகரிகத்தின் பிறப்பாகக் காட்டப்படுகிறது. முதல் காட்சியிலேயே காவலாளி அவள் நெஞ்சம் ஆணின் நெஞ்சம் என்ற பொருளில் பேசுகிறான். அங்கிருந்து இருதலைப் பாம்புக்கும் கப்பலோட்டிகளை விழுங்கும் ஸில்லா என்னும் கடற்பூதத்துக்கும் தூரம் அதிகமில்லை. செமோனிடீஸின் பட்டியல் இந்த வாசிப்பில் வெறும் பின்னணியாக இல்லாமல் நாடகத்தின் அடித்தளமாகவே ஆகிவிடுகிறது.

மூன்றாவது நாடகத்துக்கு இந்த வாசிப்பு நன்றாகவே பொருந்துகிறது. தாய் உண்மையில் பெற்றோரே அல்லள், விதையைக் காக்கும் அந்நியள் மட்டுமே என்று அப்பல்லோ நீதிமன்றத்தில் வாதிடும்போது வேறு வாசிப்பு தேடுவது கடினம். முதல் நாடகத்தில்தான் இது சற்று மிகைப்படுகிறது. அங்கே மிகக் கேவலமான விலங்குகள் ஏகிஸ்தஸுக்குச் சேருகின்றன. பெண்சிங்கம் என்ற பெயரிலோ அச்சத்தோடு மதிப்பும் கலந்திருக்கிறது. அவளை அப்படி அழைப்பவளும் ஒரு பெண். அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, சில நிமிடங்களில் சாகப்போகிறவள். தன்னைக் கவர்ந்து வந்தவனை அவள் அதே மூச்சில் உயர்ந்த சிங்கம் என்பதையும் இந்த வாசிப்பு விளக்கவேண்டும். போதிய விளக்கம் இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது.

யூரிபிடீஸின் 'மெடேயா'வை (கி.மு. 431) பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கொன்ற மெடேயாவை யாசோன் பெண்சிங்கம், ஸில்லா என்கிறான்; விரும்பினால் அப்படியே அழைத்துக்கொள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். கிளைட்டம்னெஸ்ட்ராவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெண்சிங்கம் என்று கசாண்ட்ரா சொல்லும்போது அவள் உள்ளே இருக்கிறாள். விரியன் என்று மகன் சொல்லும்போது அவள் அங்கே இல்லை, அல்லது பிணம்.

பேச்சு போனால் விலங்கு

ஜான் ஹீத் 1999இல் இதே சிக்கலுக்கு மொழியின் வழியாக நுழைந்தார். கிரேக்கர்களுக்கு மனிதரை விலங்கிலிருந்து பிரிப்பது பேச்சு. ஆர்கோஸில் பேச்சு கெட்டிருக்கிறது, ஆகவே மனிதர் விலங்கோடு கலந்திருக்கிறார்கள். ஏதென்ஸின் நீதிமன்றத்தில் பேச்சு மீளும்போது பிரிவும் மீள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வாய் கட்டப்பட்ட இபிஜீனியாவுக்கும், அந்நிய மொழி பேசும் தகைவிலான் குருவியோ என்று ஐயுறப்படும் கசாண்ட்ராவுக்கும் இது நல்ல விளக்கம். கிளைட்டம்னெஸ்ட்ராவுக்கோ பொருந்தவில்லை. இந்தத் தொடரில் பேச்சில் அவளை வென்றவர் அதிகமில்லை. அவள் விலங்காவது பேச்சை இழந்ததால் நேர்வதாகத் தெரியவில்லை. பேச்சைக் கையாளத் தெரிந்திருப்பதாலேயே நேர்கிறது.

விரியன்

நான் அதிகம் தயங்கி நிற்பது இந்த உவமையில். 'நீர்க்கடன் செய்வோர்' நாடகத்தில் ஒரெஸ்டஸ் தன்னையும் அக்காள் எலெக்ட்ராவையும் விரியனின் சுருளில் இறந்த கழுகின் குஞ்சுகள் என்கிறான். விரியன், தாய். கொலைக்குப் பிறகு அவளைக் கடல்விலாங்கென்றும் விரியனென்றும் ஏசுகிறான்.

விரியனைப் பற்றி ஹெரோடோட்டஸ் ஒரு நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார்: இணைசேரும்போது பெண் விரியன் ஆணின் கழுத்தைக் கடித்துக் கொல்லும், வயிற்றிலுள்ள குட்டிகள் தகப்பனுக்காகத் தாயின் வயிற்றைத் தின்று வெளியே வரும். ஹெரோடோட்டஸின் நூல் நாடகத்துக்குப் பிந்தியது. எனினும் நம்பிக்கை பழையதாக இருந்திருந்தால், ஒரே சொல்லில் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. கணவனைக் கொன்றவள், பிள்ளையால் சாகப்போகிறவள். இந்த உவமை அவளுடைய குற்றத்தை மட்டும் சொல்லவில்லை. தண்டனையையும், தண்டிப்பவன் யார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஆனால் விரியனின் குட்டியும் விரியனே. கிளைட்டம்னெஸ்ட்ரா காணும் கனவில் அவள் ஒரு பாம்பைப் பெறுகிறாள். பிள்ளைக்குப்போல மார்பைக் கொடுக்கிறாள். அது பாலோடு இரத்தக்கட்டியை உறிஞ்சுகிறது. இக்கனவு ஈஸ்கிலஸின் கண்டுபிடிப்பன்று. கவிஞர் ஸ்டெசிகோரஸின் பாடலில், தலையில் இரத்தம் தோய்ந்த பாம்பொன்று வர, அதிலிருந்து ஓர் அரசன் தோன்றுவதாக அவள் கனவு கண்டாள். அந்தப் பாம்பு கொலையுண்ட கணவனாகவே இருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. ஈஸ்கிலஸ் பாம்பை மகனாக மாற்றினார். கனவைக் கேட்ட ஒரெஸ்டஸ் பின்வாங்கவில்லை: பாம்பாகி அவளைக் கொல்பவன் நானே என்று தானே ஏற்கிறான். சாகும் தறுவாயில் அவளும், தான் பெற்றுப் பாலூட்டிய பாம்பு இவன்தான் என்று அறிகிறாள். கொன்று முடித்ததும் பாடகர் குழு, இரண்டு பாம்புகளின் தலையை வெட்டினாய் என்று அவனைப் பாராட்டுகிறது. அந்தச் சொல்லைக் கேட்ட மறுகணமே கூந்தலில் பாம்புகள் நெளியும் பழிதேவதைகளை அவன் பார்க்கத் தொடங்குகிறான்.

முன்சொன்ன விடைகள் எதுவும் போதிய அழுத்தம் தராத ஒன்று இங்கே தெளிகிறது. இந்த நாடகங்களில் கொல்லப்படுகிறவர் பெரும்பாலும் கொலைக்கு முன்போ உடனடிப் பின்போ விலங்காக்கப்படுகிறார். இபிஜீனியா ஆடு, அகமெம்னான் மீன், கசாண்ட்ராவை அன்னம் என்று கேலி செய்பவள் அவளைக் கொன்றவள், கிளைட்டம்னெஸ்ட்ரா விரியன், தப்பியோடும் ஒரெஸ்டஸ் வேட்டைத் தேவதைகளுக்கு மான்கன்று. அரிஸ்டாட்டில் தம் 'சொற்கலை' நூலில் சிங்கம்போல் பாய்ந்தான் என்பதையும் சிங்கம் பாய்ந்தது என்பதையும் எடுத்துக்காட்டி, உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு சிறிதே என்கிறார். அணியிலக்கணத்தில் சிறிதாக இருக்கலாம். கத்தி பிடித்த கைக்கு அது சிறிதன்று: தாயைக் கொல்லத் தயங்கி நிற்கும் ஒரெஸ்டஸுக்கு விரியனைக் கொல்வது எளிது. ஆகவே, இவள் எந்த விலங்கு என்பதைவிட, இந்த ஒப்புமை யாருக்கு எதைச் செய்ய உரிமை தருகிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி எனக் கருதுகிறேன். பாட்டுப் பறவை இந்த விளக்கத்துக்கும் அடங்காது. பாடகர் குழு இரக்கத்தால் சொன்ன உவமை அது. அதனால் யாரும் சாகவில்லை.

தீராதவை

சில சிக்கல்கள் பாடத்தைச் சார்ந்தவை. பிணத்தின்மேல் நின்று கரையும் வெறுப்புக்குரிய அண்டங்காக்கை கிளைட்டம்னெஸ்ட்ராவா, அந்தக் குலத்தைப் பிடித்த பேயா என்பது எந்த வாசகத்தை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தது. புதிய ஏடு கிடைக்காதவரை இதில் உறுதி சொல்ல இயலாது.

பெரிய கேள்வி மூன்றாவது நாடகத்தின் முடிவைப் பற்றியது. விலங்குப் பேச்சு அங்கே அடங்குகிறதா? அடங்குகிறது என்பாருக்கு ஒரெஸ்டஸைத் துரத்திய பழிதேவதைகளை ஏதென்ஸ் குடியேற்றி மதிப்பதும், நகர மக்கள் அத்தீனாவின் சிறகின் கீழ் இருப்பதாகச் சொல்லும் வாழ்த்தும் சான்று. அடங்கவில்லை என்பாருக்கு அப்பல்லோ சான்று: நீதிமன்றத்தில் நின்றபடியே அவர் எதிர்த்தரப்பை அருவருப்பான மிருகங்களே என்று விளிக்கிறார், அவர் தரப்பே வழக்கில் வெல்கிறது. விலங்குப் பெயர் ஒரெஸ்டஸின் கத்திக்கு உதவியதுபோல் வழக்கறிஞரின் வாதத்துக்கும் உதவுகிறது என்று வாசிக்க இடமிருக்கிறது.

கிடைத்துள்ள விடைகளில் நாக்ஸுடையதே பாடத்துக்கு மிக நெருக்கமானது. அதன் குறையை ஸைட்லினின் இரண்டாம் கட்டுரை ஓரளவு ஈடுசெய்கிறது. இரண்டையும் முழுமையாக இணைக்க முடியுமா என்பது ஐயத்துக்குரியது. இணைக்க முயல்பவர்கள் கணக்கில் எடுக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பழிதேவதைகளை முதன்முதலில் காணும் அத்தீனா, அவர்களின் உருவம் தெய்வங்களுக்கும் மனிதருக்கும் ஒவ்வாதது என்று சொல்லத் தொடங்கி, குற்றமற்ற அயலாரை இகழ்வது நீதியாகாது என்று தன்னைத்தானே தடுத்துக்கொள்கிறாள். முத்தொடர் முழுவதிலும் ஒருவர் இன்னொருவரை இகழ வாயெடுத்து நிறுத்திக்கொள்ளும் இடம் அதுவாகவே எனக்குப் படுகிறது. கிளைட்டம்னெஸ்ட்ராவுக்கு அந்தச் சலுகையை யாரும் கடைசிவரை தரவில்லை.